கொடையாளர் பெயரில் பிள்ளைகள்

1718 ஜனவரியில் பொஸ்டன் பாதிரியார் கொட்டன் மேதர் லண்டனில் இருந்த எலிகு யேல் என்ற செல்வருக்கு ஒரு கடிதம் எழுதினார். யேல் சென்னை புனித ஜோர்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தவர். மகன் டேவிட்டைச் சென்னை மண்ணிலேயே அடக்கம் செய்தவர். சோழமண்டலக் கரையில் சேர்த்த பெரும் பணத்தோடு 1699இல் கப்பலேறி, லண்டனில் வசதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். மேதருக்கு வேண்டியது பணம். அதைக் கேட்ட விதம்தான் கவனிக்கத்தக்கது. கனெக்டிகட்டில் அரைகுறையாக நிற்கும் கல்லூரிக்கு உதவினால் உங்கள் பெயரையே அதற்கு வைக்கலாம், அந்த நினைவு எகிப்தியப் பிரமிட்டையும் விடச் சிறந்ததாக இருக்கும் என்று ஆசை காட்டினார். யேல் ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் முதலாம் ஜோர்ஜ் மன்னரின் உருவப்படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்று வந்தது 562 பவுண். அதே ஆண்டில் அது யேல் கல்லூரி ஆயிற்று.

தன் உருவத்தை எழுதுவித்துக்கொள்வதிலும் யேல் குறை வைக்கவில்லை. 1717இல் ஈனொக் சீமன் எழுதிய படம் ஒன்று உண்டு. அதைவிடப் பேச்சுக்குள்ளானது 1719 அளவில் எழுதப்பட்ட குழுப்படம். யேலும் அவருடைய குடும்பத்து ஆண்களும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, வலப்பக்க ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். கழுத்தில் பூட்டுத் தொங்கும் உலோகப் பட்டை. அடிமைச் சிறுவன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். யேல் பல்கலைக்கழகத்துப் பிரித்தானியக் கலை மையம் 2020இல் இந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, ஆய்வு நடத்தி, 2022இல் மறுபடி மாட்டியது. படத்தில் உள்ள பெரியவர்களை அடையாளம் காணப் பல வழிகள் இருந்தன. அந்தப் பிள்ளையின் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் அகப்படவில்லை.

நூறு ஆண்டு கழித்து அதே நியூ இங்கிலாந்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த பணம் இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்தது. பிள்ளைக்குக் கொடையாளரின் பெயரையே வைத்தது. அமெரிக்க இலங்கை மிஷன் பள்ளிகளில் நடந்த இந்தப் பெயரிடலை மதமாற்ற வரலாற்றின் ஒரு சின்னக் கிளையாகவே நம்மவர்கள் எழுதி வந்திருக்கிறார்கள். மதமாற்றத்தை விட உருவப்படம் எழுதுவிக்கும் வழக்கத்தோடுதான் அதற்கு உறவு அதிகம் என்பது என் வாதம். செல்வர் ஒருவர் காசு கொடுத்துத் தன் நினைவுக்கு ஓர் உருவம் செய்விக்கிறார். அந்த உருவம் துணியில் எழுதிய சாயமாக இல்லாமல் தெல்லிப்பழையிலோ உடுவிலிலோ சோறு உண்டு பாடம் படிக்கும் ஒரு பிள்ளையாக இருந்தது என்பதுதான் புதுமை. அதனால் வந்த விளைவுகள் ஓவியத்தில் வரக்கூடியவை அல்ல.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1810இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் சங்கத்தின் முதல் குழு 1816இல் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் ஒல்லாந்தர் விட்டுப்போன பழைய கோவில் கட்டடங்களைத் திருத்திக் குடியேறியது. டானியல் பூவர் தெல்லிப்பழையில் பிள்ளைகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும் வந்தன. விடுதி என்றால் சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் மிஷனின் பொறுப்பு. அதற்குப் பணம் கண்ட வழி இதுதான்: அமெரிக்காவில் ஒரு தனி ஆளோ, ஒரு சபையின் பெண்கள் சங்கமோ ஆண்டுக்கு ஒரு தொகை கட்டி ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்பது. பொறுப்பேற்றவருக்குப் பெயர் வைக்கும் உரிமையும் சேர்ந்து கிடைத்தது. தம் பெயரை வைத்தார்கள். தம் சபைப் போதகர் பெயரை வைத்தார்கள். மாண்ட பெரியோரின் பெயரை வைத்தார்கள். இப்படித்தான் வலிகாமத்து விடுதிகளில் நதானியேல் நைல்ஸும் சேத் பெய்சனும் ஹென்றி மார்ட்டினும் நடமாடினார்கள். அசல் ஹென்றி மார்ட்டின் ஓர் ஆங்கிலப் பாதிரியார். 1812இலேயே துருக்கி நாட்டுத் தொக்காட்டில் இறந்துபோனவர்.

இதற்கு முதலில் வரக்கூடிய மறுப்பு, இதில் புதுமை என்ன இருக்கிறது என்பது. யாழ்ப்பாணத்தாருக்கு அந்நியப் பெயர் புதிதல்ல. 1707இல் ஒல்லாந்தர் தேசவழமையைத் தொகுத்தபோது அதைப் பார்த்துச் சரி சொன்ன பன்னிரு முதலியார்களிலேயே ‘தொன் பிலிப்’ என்ற முன்னொட்டோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஞானஸ்நானம் இல்லாமல் உத்தியோகம் இல்லை என்ற காலத்தில் கோவில் இடாப்பில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று மூன்று தலைமுறை ஓட்டிய ஊர் இது. ஆனால் பிலிப்பு என்பது எந்த ஒரு மனிதரின் சொத்தும் அல்ல. அது புனிதர் பெயர், சபை முழுவதற்கும் பொது. ஜெரமையா எவார்ட்ஸ் அப்படியல்ல. அவர் 1802இல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்ற வழக்கறிஞர், அமெரிக்க மிஷன் சங்கத்தின் பொருளாளராகவும் பின்பு செயலாளராகவும் இருந்து 1831இல் இறந்தவர். முகவரியுள்ள ஒரு மனிதர். அவர் பெயர் அளவெட்டிக் கனகசபைப்பிள்ளையின் முன்னால் ஏறியது. பெயரிடல் ஞானஸ்நானத் தொட்டிக்காகக் காத்திருக்கவும் இல்லை. பிள்ளை விடுதியில் சேர்ந்து, பணம் கட்டுபவர் அமைந்தால் போதும். சடங்குக்கு முன்பே பெயர் வந்துவிடுகிறது என்றால் அந்தப் பெயர் சடங்கைச் சேர்ந்ததல்ல, கொடுக்கல் வாங்கலைச் சேர்ந்தது. (சென்னையில் சேர்த்த காசில் எழுந்த கல்லூரியில் படித்தவரின் பெயர் அளவெட்டியில் வந்து இறங்கியதை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்லவேண்டும்.)

இரண்டாவது மறுப்பு உள்ளூரிலிருந்து வரும். கொடுப்பவர் பெயரைப் பொறிப்பது நம் வழக்கம்தானே என்று கேட்கலாம். கோவில் மணியில், தூண்டாமணி விளக்கில், தேர்முட்டியில், மடத்து வாசற்படியில் உபயகாரர் பெயர் இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் ஏது? பத்தாம் திருவிழா இன்னார் உபயம் என்றால் அந்த உரிமை பேரன் வரைக்கும் வழக்காடிக் காக்கப்படும். ஆகவே பணம் கட்டியவர் பெயர் கேட்பதை யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் விநோதமாக எண்ணியிருக்கமாட்டார்கள். வட்டுக்கோட்டையிலேயே அதற்கு இணையான ஒன்று நின்றது. பிரதம நீதியரசர் சேர் றிச்சட் ஒட்லி உதவியதால் செமினரியின் பெரிய மண்டபம் ஒட்லி மண்டபம் ஆனது. ஆனால் மண்டபத்துக்குத் தகப்பன் வைத்த பெயர் என்று ஒன்று முன்பு இருக்கவில்லை. பிள்ளைக்கு இருந்தது. பாட்டன் பெயர் பேரனுக்கு என்ற ஒழுங்கில் வந்த பெயர் அது. உபயம் என்ற பழக்கம் அமெரிக்கப் பழக்கத்துக்கு வாசல் திறந்திருக்கலாம்; இரண்டும் ஒன்றல்ல.

உருவப்படத்தோடு ஒப்பிடுவது மிகை என்பவர்களுக்கு அமெரிக்காவிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1818இல் கல்லகீனா என்ற செரோக்கிச் சிறுவன், கனெக்டிகட் கோர்ன்வாலில் இதே சங்கம் நடத்திய பள்ளிக்குப் போகும் வழியில், நியூ ஜேர்சியில் இலியாஸ் புதினோ என்ற முதியவர் வீட்டில் தங்கினான். புதினோ அமெரிக்கக் காங்கிரசுக்குத் தலைவராக இருந்தவர், வேதாகமச் சங்கத்தின் முதல் தலைவர், கொடையாளர், பேர்போன ஓவியர்களுக்கு முன் அமர்ந்து படம் எழுதுவித்தவர். சிறுவன் அவர் பெயரை ஏற்று இலியாஸ் புதினோ என்றே பள்ளியில் பதிந்தான். 1828இல் செரோக்கி மக்களின் முதல் செய்தித்தாளுக்கு ஆசிரியர் ஆனவன் அவன்தான். 1841 ஜனவரியில் யாழ்ப்பாணத்தின் முதல் தமிழ்ப் பத்திரிகையான உதயதாரகை வெளிவந்தபோது அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பெய்சன். இரண்டு கண்டங்களில், இரண்டு மொழிகளில், ஒரே சங்கத்தின் பள்ளிப்பிள்ளைகள் வேறொருவர் பெயரைத் தாங்கித் தம் சனத்தின் முதல் பத்திரிகையை நடத்தியிருக்கிறார்கள். தற்செயல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பேனா பிடிக்கத் தெரிந்தவரை உருவாக்குவதே அந்தக் கொடையின் நோக்கமாக இருந்தது.

பேனாவுக்கு முதல் வேலை கடிதம். பணம் கட்டியவருக்குத் தன் பெயருள்ள பிள்ளை எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டும். படம் எழுதுவித்தவர் ஓவியரின் அறைக்குப் போய் எட்டிப் பார்க்கலாம். இங்கே இடையில் பல மாதக் கப்பல் பயணம். கடிதம்தான் கண். சங்கத்தின் மாத இதழான மிஷனரி ஹெரல்டில் மிஷனரிகள் எழுதியவை அச்சேறின. உடுவில் பள்ளியைத் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ கனெக்டிகட் நோர்விச் ஊரவர். 1833இல் அவர் இறந்ததும் கணவர் மைரன் வின்ஸ்லோ மனைவியின் கடிதங்களையும் குறிப்புகளையும் கோத்து 1835இல் வாழ்க்கை வரலாறாக வெளியிட்டார். அந்தரங்கக் கடிதம் அச்சேறிப் புதிய கொடையாளரைத் தேடிப் போகும் சுழற்சி அது. இத்தகைய கடிதங்களைச் சான்றாக எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்லும் கடிதம் அடுத்த ஆண்டுப் பணத்தையும் மனத்தில் வைத்தே எழுதப்படும். முகத்தின் தழும்பை ஓவியன் எப்படி மென்மையாக்குவானோ அப்படித்தான் இதுவும். சேமித்து வைத்தவர்களும் பெரும்பாலும் அக்கரையினரே. தன் மகனை வேற்றுப் பெயரில் கூப்பிடுவதைக் கேட்ட தெல்லிப்பழைத் தாயின் சொல் எந்தப் பெட்டியிலும் இல்லை.

ஆகவே பிள்ளைகளின் தரப்பை அறிய அவர்கள் பிற்பாடு செய்ததைத்தான் பார்க்கவேண்டும். அங்கேதான் அழிப்பு என்ற ஒற்றைச் சொல்லில் இதை முடித்துவிடும் வாதம் தடுமாறுகிறது. எவார்ட்ஸ் கனகசபைப் புலவர் கிறிஸ்தவத்தை விடவில்லை. ஆனால் பாடியது திருவாக்குப் புராணம், நம் புராண மரபில். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை உதயதாரகையை நடத்தியதோடு 1886இல் பாவலர் சரித்திர தீபகம் எழுதித் தமிழ்ப் புலவர்களின் பெயர்களை அகரவரிசையில் நிறுத்தினார். கறல் விசுவநாதபிள்ளை ஆறுமுக நாவலருக்கு எதிராகச் சுப்பிரதீபம் எழுதினார், 1857இல் சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார்; பிறகு சைவத்துக்கே திரும்பினார். திரும்பியவர் விபூதி பூசினாரே ஒழிய, கறல் என்பதைக் கழற்றி எறியவில்லை. மதம் போன பிறகும் பெயர் நின்றது என்பதை விட, அந்தப் பெயர் மதத்தின் உடைமை அல்ல என்பதற்கு நல்ல சான்று கிடைக்காது.

இவர்கள் பெயர்களைச் சற்று உற்றுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். அமெரிக்கப் பெயர் முன்னால், தமிழ்ப் பெயர் பின்னால். யாழ்ப்பாணத்தில் முன்னால் நிற்பது தகப்பன் பெயரின் இடம். பின்னால் நிற்பதே ஆளின் பெயர். கொடையாளர் பெயர் ஆளின் பெயரைத் துரத்தாமல் முன்னோர் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊரார் விசுவநாதபிள்ளை என்றார்கள்; கறல் தலைப்பெழுத்தின் வேலையைச் செய்தது. பொஸ்டன் செல்வர் தன் சாயலில் ஒரு பிள்ளை வளர்வதாக எண்ணியிருக்க, யாழ்ப்பாணம் அவரைப் பிள்ளையின் தகப்பன் வரிசையில் சேர்த்து, தன் வழக்கப்படி சுருக்கிக்கொண்டது.

வென்றவர்களை மட்டும் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான குற்றச்சாட்டு. உடுவிலில் படித்த பெண்பிள்ளைகளுக்கும் இப்படித்தான் பெயர் வந்தது. ஆண்களைப் போல அவர்கள் நூல் தலைப்பிலோ பத்திரிகையிலோ அந்தப் பெயரைப் பொறிக்க வாய்ப்பு இருக்கவில்லை. மணமானதும் கணவன் பெயருக்குள் போனார்கள். ஆண்களில் ஒரு சிலருக்குப் பெயர் முதலாக மாறியது; பெண்களுக்கு அது கைவிட்டுப் போன ஒன்றாகவே முடிந்தது. படம் எழுதப்பட்டவர் படத்தைத் தன்வசப்படுத்தினார் என்ற என் வாதம் ஆண்களின் அளவில் மட்டுமே நிற்கும்.

1855இல் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் வந்து பார்த்து, ஆங்கிலக் கல்வி சுதேசிகளை ஊரிலிருந்து பிரிக்கிறது என்று கருதிச் செமினரியை மூடவைத்தார். பெயர்களை மூட அவரால் முடியவில்லை. நைல்ஸ் குடும்பத்தில் வந்த டி. ரி. நைல்ஸ் 1948இல் அம்ஸ்ரர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்க வழிபாட்டில் பிரசங்கித்தார். அது கொடையாளர்கள் கனவு கண்டிருக்கக்கூடிய பலன். நெவின்ஸ் கதை அவர்கள் கனவில் வந்திருக்காது. செமினரியில் படித்து நியாய இலக்கணம் எழுதிய வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை வண்ணார்பண்ணையில் ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். மிஷன் பள்ளிகளுக்கு மாற்றுத் தேடிய சைவ பரிபாலன சபை அதை ஏற்று 1890இல் இந்து உயர்தரப் பாடசாலையாக்கியது. அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. அதன் அதிபராக நெடுங்காலம் இருந்தவர் சிதம்பரப்பிள்ளையின் மகன் செல்வதுரை. ஊர் அவரை நெவின்ஸ் செல்வதுரை என்றே அழைத்தது.