உலோகக் கரிம ஒளியுணர் பூச்சு

உலோகக் கரிம ஒளியுணர் பூச்சு என்பது நுண்சில்லுகளைச் செய்யும் அதிபுற ஊதா ஒளியச்சு முறையில், சிலிக்கான் தகட்டின் மேல் பூசப்படும் மெல்லிய படலம் ஆகும். உலோக அணுக்களும் கரிமத் தொகுதிகளும் ஒரே மூலக்கூறில் சேர்ந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. ஒளியுணர் பூச்சுகள் தொழில்துறையில் போட்டோரெசிஸ்ட் என வழங்கப்படுகின்றன. வெள்ளீயம், ஆஃபினியம், சிர்க்கோனியம் ஆகியவை இவ்வகையில் பெரிதும் ஆராயப்பட்ட உலோகங்கள். இவற்றுள் பின்னிரண்டும் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள சிர்க்கான் என்னும் கனிமத்தில் அடங்கியுள்ளன.

ஒளியச்சு முறை

சிலிக்கான் தகட்டில் ஒளியுணர் பூச்சைப் பரப்பி, மின்சுற்றின் வடிவத்தை ஒளியாக அதன்மேல் வீழ்த்துவர். ஒளி பட்ட இடத்தில் பூச்சின் கரைதிறன் மாறும். கரைப்பானால் கழுவும்போது ஒரு பகுதி நீங்கி மறுபகுதி எஞ்சும். எஞ்சிய பகுதி தனக்கு அடியில் உள்ளதைக் காக்க, திறந்த பகுதி மட்டும் பிளாஸ்மாவால் அரிக்கப்படும்.

ஒளியின் அலைநீளம் குறையக் குறைய மேலும் நுண்ணிய கோடுகளை வரையலாம். நெடுங்காலம் 193 நானோமீட்டர் ஒளி பயன்பட்டது. அதிபுற ஊதா முறையில் இது 13.5 நானோமீட்டர். நொடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகளை லேசரால் தாக்கி இவ்வொளி உண்டாக்கப்படுகிறது. நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனத்தின் பொறிகளைக் கொண்டு 2019 ஆம் ஆண்டில் இம்முறை பெருமளவு உற்பத்திக்கு வந்தது.

ஒளியன் பற்றாக்குறை

193 நானோமீட்டர் ஒளியன் ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 6.4 எலக்ட்ரான் வோல்ட். அதிபுற ஊதா ஒளியனின் ஆற்றல் ஏறத்தாழ 92 எலக்ட்ரான் வோல்ட். எனவே ஒரே அளவு ஆற்றலைச் செலுத்தினாலும் அதிபுற ஊதாவில் ஒளியன்களின் எண்ணிக்கை 14 மடங்கு குறைவு. சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிஜூல் செலுத்தினால், ஒரு சதுர நானோமீட்டரில் 193 நானோமீட்டர் ஒளியன்கள் ஏறத்தாழ 290 விழும். அதிபுற ஊதா ஒளியன்கள் 20 மட்டுமே விழும். தூறல் தொடங்கும்போது முற்றம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நனைவதைப் போல, ஒளியன்கள் சீரின்றி விழுவதால் கோட்டின் விளிம்பு கரடுமுரடாகிறது. ஆகவே, விழும் ஒளியன்களில் பெரும்பங்கை உறிஞ்சும் பூச்சு தேவைப்படுகிறது.

1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் இரோசி இட்டோ, கிராண்ட் வில்சன், ழான் பிரெசே ஆகியோர் உருவாக்கிய அமிலப் பெருக்கப் பூச்சுகள் பெரும்பாலும் கார்பன், ஐதரசன், ஆக்சிசன் அணுக்களால் ஆனவை. இவை அதிபுற ஊதாவைக் குறைவாகவே உறிஞ்சுகின்றன. 20 நானோமீட்டர் தடிமனில் இவை ஏறத்தாழ 10 விழுக்காட்டை உறிஞ்ச, வெள்ளீயப் பூச்சுகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறிஞ்சுகின்றன.

செயல்படும் விதம்

வெள்ளீயப் பூச்சில் வெள்ளீயமும் ஆக்சிசனும் சேர்ந்த கூண்டு போன்ற கரு உண்டு. 12 வெள்ளீய அணுக்கள் கொண்ட கூண்டு நன்கு ஆராயப்பட்ட ஒன்று. ஒவ்வொரு வெள்ளீய அணுவிலும் ஒரு கரிமத் தொகுதி பிணைந்திருக்கும். இத்தொகுதிகளே கருக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுத்து, பூச்சைக் கரிமக் கரைப்பானில் கரையச் செய்கின்றன.

1. வெள்ளீய அணு ஒளியனை உறிஞ்சி ஓர் எலக்ட்ரானை வெளியேற்றுகிறது.
2. அந்த எலக்ட்ரான் அருகிலுள்ள அணுக்களில் மோதி மேலும் எலக்ட்ரான்களை விடுவிக்கிறது.
3. இவற்றால் வெள்ளீயம்–கார்பன் பிணைப்பு அறுந்து, கரிமத் தொகுதி விலகுகிறது.
4. தகட்டைச் சூடாக்கும்போது, மறைப்பு நீங்கிய கருக்கள் ஆக்சிசன் பாலங்களால் இணைந்து கரையாத வலையமைப்பாகின்றன.

கழுவிய பின் ஒளி பட்ட பகுதியே எஞ்சுவதால் இது எதிர்ப்படிவ வகையைச் சேர்ந்தது. எஞ்சும் பொருள் ஆக்சைடு போன்றது. பிளாஸ்மாவை நன்கு தாங்கும். ஆகவே பூச்சு மெல்லியதாக இருக்கலாம். உயரம் குறைந்த கோடுகள் கழுவும்போது சரிந்து விழுவதும் குறைவு.

இப்பூச்சுகளுக்குக் குறைகளும் உண்டு. காற்றின் ஈரப்பதமும், ஒளியூட்டலுக்கும் சூடாக்கலுக்கும் இடைப்பட்ட நேரமும் கோட்டின் அகலத்தை மாற்றக்கூடும். உலோகம் பிற கருவிகளில் படிந்து மாசாகாமல் காக்கவும் வேண்டும்.

வளர்ச்சி

கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிறித்தோபர் ஓபர் குழுவினர் ஆஃபினியம், சிர்க்கோனியம் ஆக்சைடு கருக்களைக் கரிம அமிலத் தொகுதிகளால் சூழ்ந்து பூச்சுகளை உருவாக்கினர். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 2007 இல் தோன்றிய இன்பிரியா நிறுவனம் முதலில் ஆஃபினியத்தையும் பின்னர் வெள்ளீயத்தையும் கையாண்டது. 2021 இல் அதனை சப்பானின் ஜே.எஸ்.ஆர். நிறுவனம் வாங்கியது. இந்தியாவில் மண்டி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கென்னத் கொன்சால்வசு குழுவினர் அதிபுற ஊதாவுக்கான பலபடிப் பூச்சுகளையும் உலோகம் சேர்ந்த பூச்சுகளையும் ஆராய்ந்துள்ளனர்.

கன்னியாகுமரி மாவட்டத் தாதுமணல்

1909 இல் செருமானிய வேதியியலாளர் சோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதைத் தொடர்ந்து, அன்று திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சியில் மணல் பிரிப்பு தொடங்கியது. இன்று ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கு இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கான், மோனசைட்டு ஆகியவற்றைப் பிரிக்கிறது. சிர்க்கானில் சிர்க்கோனியத்துடன் சிறிதளவு ஆஃபினியமும் எப்போதும் கலந்திருக்கும். 2024 இல் கிள்ளியூர் வட்டத்தில் ஏறத்தாழ 1,144 எக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

எனினும், மணலில் உள்ள உலோகம் நேராக நுண்சில்லுத் தொழிலாகிவிடுவதில்லை. சிர்க்கோனியம் அதிபுற ஊதாவைப் பெரிதும் ஊடுருவ விடுவது; அதனாலேயே சிர்க்கோனிய மென்தகடுகள் இவ்வொளிக்கு வடிகட்டிகளாகப் பயன்படுகின்றன. தொழிற்சாலைகளில் முன்னணிக்கு வந்தது வெள்ளீயமே. மேலும், 300 மில்லிமீட்டர் தகட்டில் 20 நானோமீட்டர் தடிமனில் படியும் பூச்சின் கன அளவு ஏறத்தாழ 1.4 கன மில்லிமீட்டர் மட்டுமே. அதிலுள்ள உலோகம் சில மில்லிகிராம். பூசும்போது சிதறி வீணாவதைச் சேர்த்தாலும் தேவை சிறிதே. எனவே இப்பூச்சின் மதிப்பு உலோகத்தின் எடையில் இல்லை. அதைத் தூய்மையாக்குவதிலும், அதனுடன் பொருத்தமான கரிமத் தொகுதியைப் பிணைக்கும் வேதியியல் அறிவிலும் உள்ளது.