கூனிமேட்டில் கடை கட்டிய கம்பெனி

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களை நோக்கிப் போனால் வழியில் வரும் ஊர் கூனிமேடு. 1680களில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்தது. சென்னைக்குத் தெற்கே சோழமண்டலக் கரையில் அன்று கம்பெனிக்குச் சொந்தக் கோட்டை கிடையாது. வியாபாரம் உண்டு, வேர் இல்லை.

போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறவர்களுக்கு இந்த நிலைமை சட்டென்று பிடிபடும். கையிருப்பு, கட்டாயப் பந்தயமான பெரிய பிளைண்டின் பத்து மடங்குக்கும் கீழே இறங்கிவிட்டால் இரண்டே வழிதான்: இருக்கிற சிப்பை எல்லாம் நடுவில் தள்ளி ஆல்-இன் போவது, இல்லையேல் ரம்மியில் ஸ்கூட் விடுவதுபோல் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்குவது. கொஞ்சம் கட்டிப் பார்ப்போம் என்றால், எதிராளி பந்தயத்தை ஏற்றியதும் கட்டியதும் போகும், மிச்சத்தைக் காட்டி மிரட்டவும் முடியாது. நல்ல சீட்டுக்காகக் காத்திருக்கலாம் என்றால் பிளைண்ட் ஏறி ஏறி ஆளைத் தின்றுவிடும். டான் ஹாரிங்டனும் பில் ராபர்ட்டியும் 2005இல் வெளியிட்ட நூலில் பால் மாக்ரியல் போட்ட கணக்கைப் பிரபலமாக்கினார்கள். கையிருப்பை ஒரு சுற்றின் கட்டாயச் செலவால் வகுத்து வரும் எண் ஐந்துக்குக் கீழே போனால் அது சிவப்பு மண்டலம். தள்ளுவதானால், அந்தத் தள்ளலுக்கு மற்றவர்கள் இன்னும் பயப்படும்போதே தள்ளிவிட வேண்டும்.

1690இல் கம்பெனி ஏறக்குறைய அந்த மண்டலத்தில்தான் இருந்தது. ஔரங்கசீப்புடன் 1686இல் தொடங்கிய சண்டை மன்னிப்பிலும் ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதத்திலும் முடிந்திருந்தது. கூனிமேட்டுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டரில், புதுச்சேரியில், 1674 முதல் பிரெஞ்சுக்காரர்கள். டச்சுக்காரர்களோ பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

செஞ்சியில் இருந்தவருக்கும் கை வறட்சிதான். சிவாஜியின் மகன் ராஜாராம் அங்கே தஞ்சம் புகுந்திருந்தார். சுல்பிகார் கானின் முகலாயப் படை நெருங்கிக்கொண்டிருக்க, போருக்குப் பணம் வேண்டியிருந்தது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டை விலைக்கு வந்தது. எலிஹு யேல் ஆளுநராக இருந்த சென்னை நிர்வாகம் அதை வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது.

கிரயத்தில் கோட்டை மட்டுமல்ல, அங்கிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்குமான நிலமும் சேர்த்தி. கம்பெனி சும்மா விடுமா? நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து அனுப்பினார்கள். செப்டம்பரில் சுற்றிலும் சுட்டு, குண்டு விழுந்த இடங்களை எல்லையாக வைத்துக்கொண்டார்கள். குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் கடலூரில் இன்றும் புழங்குகின்றன.

அதன் பிறகு கூனிமேட்டுக்கு வேலை இல்லை. நூற்றாண்டு முடிவதற்குள் கம்பெனி அங்கே கடையைக் கட்டிவிட்டது. இரண்டு இடத்திலும் அரைகுறையாகக் கட்டிவைக்காமல், ஒன்றில் ஸ்கூட் விட்டு இன்னொன்றில் முழுக்க இறங்கியது.

ராஜாராமின் ஆட்டம் அப்படி அமையவில்லை. விற்ற பணம் முற்றுகையைத் தாங்கக் கொஞ்சம் உதவியிருக்கலாம். 1698 தொடக்கத்தில் செஞ்சி விழுந்தது. அதற்குள் அவர் தப்பிப் போயிருந்தார்.

கம்பெனி வைத்த பந்தயத்துக்குப் பலன் கிடைக்க அரை நூற்றாண்டு பிடித்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயர்கள் ஒதுங்க புனித டேவிட் கோட்டை இருந்தது. 1752 வரை தென்னிந்தியக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதையும் கைப்பற்றி இடித்துத் தள்ளினார். ஆனால் 1760இல் வந்தவாசியில் தோற்றது லாலி. அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியே ஆங்கிலேயர் கைக்குப் போனது.