கிண்ணம் மட்டும் போதாது: பேரா காற்பந்தின் கணக்கு

இணையக் காற்பந்து விளையாட்டில் பயிற்றுநராக அமர்பவருக்குப் பருவ முடிவின் புள்ளிப்பட்டியலே தீர்ப்பு. மலேசியாவின் பேரா மாநில அணியின் வரலாற்றை அந்த அளவுகோலால் அளந்தால் பாதிதான் தெரியும். பின்னாளில் பேராவையும் பயிற்றுவித்த கார்ல் வைகாங் என்ற ஜெர்மானியரின் பயிற்சியில் மலேசியா 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. அரசு அந்தப் போட்டியைப் புறக்கணித்ததால் அணி அங்கே ஆடவே இல்லை. எந்தப் பட்டியலிலும் அந்த உழைப்புக்கு இடமில்லை. 1994-95இல் வெடித்த லஞ்ச விவகாரம் நாட்டின் காற்பந்தையே உலுக்கி, அனுபவசாலிகள் பலரைத் திடலிலிருந்து அகற்றியது. அந்த வெறுமைக்குப் பிறகுதான் வைகாங்கின் பேரா 1998 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் திரங்கானுவைப் பினால்டியில் வென்றது. 28 ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கிண்ணம் பேராவின் தலைநகர் ஈப்போவுக்கு வந்தது.

வெற்றியை விட்டால் பயிற்றுநரை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 2018ஐப் பாருங்கள். பயிற்றுநர் மெஹ்மெட் டுராகோவிச்சின் பேரா அணி லீக்கில் இரண்டாமிடம் பிடித்தது. மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் 3-3 என்ற சமநிலைக்குப் பின் பினால்டியில் கிண்ணத்தையும் வென்றது. அதே பேரா 2021இல் சூப்பர் லீக்கிலிருந்தே கீழிறங்கியது. மூன்றே ஆண்டுகளில் ஆட்ட அறிவு வற்றிவிடாது, வற்றியது பணம். சம்பளம் நிலுவையில் நின்றது, ஆட்டக்காரர்கள் கலைந்தார்கள். இன்னொரு இழப்பு அதைவிடப் பழையது, என் பார்வையில் அதைவிடப் பெரியது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, தமிழ்ப் பிள்ளைகள் மாலையில் பந்து உதைத்த தோட்டத் திடல்களும் போயின. நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு அப்படியொரு திடல் எளிதில் கிடைக்கவில்லை. அந்தக் குறையை எந்தப் பயிற்றுநரின் பருவ அறிக்கையும் பதிவதில்லை.