கல்லூரிக் காலக் குடியிருப்பு: வாடகை வீடும் சொந்த வீடும் (தமிழ்நாடு)

வெளியூரில் படிக்கப் போகும் பிள்ளைக்கு அந்த ஊரிலேயே ஒரு வீட்டை வாங்கிவிடுவதா, படிப்பு முடியும்வரை வாடகைக்கு வைப்பதா என்பது தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்களில் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் எழும் கேள்வி. படிக்கப் போவது பிள்ளை என்றாலும் முடிவெடுப்பவர்கள் பெற்றோர். பணமும் அவர்களுடையது, பின்னால் அடைக்க வேண்டிய கடனும் அவர்களுடையது. கலை, அறிவியல் இளங்கலைப் படிப்பு 3 ஆண்டு, பொறியியல் 4 ஆண்டு, கட்டடக்கலையும் ஒருங்கிணைந்த சட்டப் படிப்பும் 5 ஆண்டு. மருத்துவம் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. வீட்டுக் கடனோ பெரும்பாலும் 20 ஆண்டுக்கு எழுதப்படுகிறது. இந்தக் கால வேறுபாட்டைக் கணக்கில் வைக்காமல் பேசப்படும் லாப நட்டம் எதுவும் நிற்காது.

விடுதி, மேன்ஷன், பகிர்ந்த வீடு

வாடகை என்றாலே தனி வீடு என்று பொருளில்லை. கல்லூரி விடுதி, தனியார் விடுதி, நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் வீடு, உறவினர் வீட்டு மாடியறை எல்லாம் இதில் அடங்கும். சென்னைத் திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள் தனியாக ஊருக்கு வந்த ஆண்களுக்குப் பல தலைமுறைகளாக இடம் கொடுத்தவை. ஓர் அறை, பொதுக் குளியலறை, தெருமுனையில் மெஸ் என்பதே அங்கே வாழ்க்கை. கோவை பீளமேடு, வேலூர் காட்பாடி, செங்கல்பட்டு மாவட்டத்தின் பொத்தேரி, காட்டாங்குளத்தூர் போன்ற இடங்களில் மாணவர்களை நம்பியே வாடகைச் சந்தை ஒன்று வளர்ந்திருக்கிறது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் மாணவர்களுக்கு அரசு நடத்தும் விடுதிகளில் தங்குவதற்கும் உணவுக்கும் கட்டணமில்லை. 2025 ஜூலையில் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயரிடப்பட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை உருவாக்கியவை இந்த விடுதிகள். இவற்றை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த ஒப்பீடும் வசதியுள்ளோர் கணக்கு மட்டுமே.

தனியார் மகளிர் விடுதிகள் 2014ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டும். சேர்க்கும் முன் அந்த உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பது பெற்றோரின் உரிமை. கல்வி வளாகத்துக்கு வெளியே தொடர்ந்து 90 நாளாவது தங்கி, மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல் கட்டுபவருக்கு விடுதிக் கட்டணத்தில் ஜிஎஸ்டி கிடையாது. 2024 ஜூனில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் பரிந்துரை இது. வங்கிகளின் கல்விக் கடனிலும் விடுதிக் கட்டணம் சேர்த்துக் கொள்ளப்படுகிறது. வீடு வாங்குவதற்குக் கல்விக் கடன் கிடைக்காது.

வாடகை ஒப்பந்தம்

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டமே இப்போது தமிழ்நாட்டில் செல்லும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இதற்கென உள்ள வாடகை அதிகாரியிடம் அது பதிவாக வேண்டும் என்கிறது சட்டம். இரு தரப்பும் வேறுவிதமாக உடன்பட்டாலொழிய முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, அதைத் திருப்பித் தர வேண்டும். சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்க உரிமையாளருக்கு அதிகாரமில்லை.

நடைமுறை இதற்கு வெகுதூரத்தில் நிற்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது நீண்டகால வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்கு அஞ்சி எழுதப்பட்ட 11 மாத ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகை கழியும். மின்வாரியத்தின் கட்டணத்தை விடக் கூடுதலாக யூனிட்டுக்கு இவ்வளவு என்று இ.பி. பணம் வாங்கும் வீடுகளும் ஏராளம். பத்தொன்பது வயதுப் பிள்ளை இதையெல்லாம் எதிர்த்துப் பேச முடியாது. ஒப்பந்தத்தில் பெற்றோரில் ஒருவர் கையெழுத்திடுவதும், குடியேறும் நாளில் சுவர், குழாய், மின்மீட்டர் அளவு ஆகியவற்றைப் படமெடுத்து வைப்பதும், அட்வான்ஸை வங்கி வழியாகவே தருவதும் பின்னால் கைகொடுக்கும்.

வாடகைக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவில் ஒத்தி என்ற முறை உண்டு. சில ஊர்களில் போக்கியம் என்பார்கள், சென்னையில் லீஸ் என்பார்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று ஆண்டு வாடகையில்லாமல் குடியிருந்து, முடிவில் கொடுத்த பணத்தை அப்படியே திரும்பப் பெறுவது. படிப்புக் காலத்துக்கு அளவெடுத்தாற்போல் பொருந்துவதாகத் தோன்றும். ஆனால் வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால், கடன் நின்றுபோகும் நாளில் வங்கியின் உரிமைதான் முந்தும். வில்லங்கச் சான்று பார்க்காமலும், பத்திரத்தைப் பதிவு செய்யாமலும் ஒத்திக்குப் பணம் கொடுப்பது ஆபத்து.

மறுக்கப்படும் வாடகை

பணம் தயாராக இருந்தும் வீடு கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். ‘பேச்சிலர்களுக்கு இல்லை’, ‘சைவம் மட்டும்’ என்ற பலகைகள் வெளிப்படையானவை. ஊர் எது, குலதெய்வம் எது என்று விசாரித்துச் சாதியைத் தெரிந்துகொண்ட பிறகு, ‘வீடு முடிந்துவிட்டது’ என்று சொல்வது மறைமுகமானது. தலித் மாணவர்களும் முஸ்லிம் மாணவர்களும் இதை மீண்டும் மீண்டும் சந்திக்கிறார்கள். தனியாகத் தங்க நினைக்கும் பெண்ணிடம் இரவு எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்ற கேள்வி வாடகை பேசும் முன்பே வருகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அட்வான்ஸையும் வாடகையையும் பற்றி விரிவாகப் பேசுகிறது. சாதியையோ மதத்தையோ காரணமாக வைத்து வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் பிரிவு அதில் இல்லை. இது அச்சட்டத்தின் பெரிய குறை.

சொந்த வீடு வாங்கும் குடும்பங்களில் ஒரு பகுதி லாபத்தை எண்ணி வாங்குவதில்லை. தம் பிள்ளை யார் வாசலிலும் நின்று விசாரணைக்கு உள்ளாகக் கூடாது என்பதே அவர்களின் காரணம். பணக் கணக்கை மட்டும் பார்த்து அவர்களின் முடிவைத் தவறென்று சொல்வது நியாயமாகாது.

வாங்குவதன் கணக்கு

50 லட்சம் ரூபாய்க்குப் பழைய அடுக்ககக் குடியிருப்பு ஒன்றை மறுவிற்பனையில் வாங்குவதாகக் கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனில், வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் தர ரிசர்வ் வங்கியின் விதி இடம் தராது. ஆகவே வங்கி தரும் உச்சம் 40 லட்சம். 10 லட்சம் கையிலிருந்து போக வேண்டும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்த்து இன்னொரு நாலரை லட்சம். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை உயர்த்தியபோதுதான் பதிவுக் கட்டணம் 4 விழுக்காட்டிலிருந்து 2க்கு இறங்கியது. புதிய அடுக்ககத்தின் முதல் விற்பனை என்றால் இரண்டும் சேர்ந்து 50 லட்சம் வரை 6 விழுக்காடுதான். ஆனால் கட்டி முடித்த சான்று வரும் முன் வாங்கினால் ஜிஎஸ்டி வந்து சேரும்.

40 லட்சத்துக்கு 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடன் எடுத்தால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். நான்கு ஆண்டில் கட்டும் மொத்தம் 16.66 லட்சம். அதில் வட்டி 13 லட்சம், அசலில் குறைவது 3.63 லட்சம் மட்டுமே. தவணை கட்டக் கட்ட வீடு நம்முடையதாகிறது என்ற நம்பிக்கை கடனின் பிற்பகுதிக்குப் பொருந்தும். முதல் நான்கு ஆண்டுகளில் கட்டுவதில் பெரும்பகுதி வங்கிக்கு வட்டியாகவே போய்விடுகிறது.

பத்திரச் செலவையும் வட்டியையும் கூட்டினால் திரும்ப வராத பணம் பதினேழரை லட்சம். இந்திய நகரங்களில் ஆண்டு வாடகை வீட்டு விலையில் 3 விழுக்காட்டை ஒட்டியே இருப்பது வழக்கம் என்பதால், அதே வீட்டை மாதம் 12,500க்கு எடுத்திருந்தால் நான்கு ஆண்டில் செலவு 6 லட்சம். வாடகை இடையில் ஏறினாலும் கணக்கு பெரிதாக மாறாது. கையிலிருந்து போட்ட 14.5 லட்சத்தை 7 விழுக்காடு வட்டிக்கு வைப்பில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் நாலரை லட்சத்தையும் சேர்க்க வேண்டும். ஆக, வாங்கியவர் வாடகைக்கு இருந்தவரோடு சமமாக நிற்க, வீடு நான்காம் ஆண்டில் 66 லட்சத்துக்கு விற்றாக வேண்டும். ஆண்டுக்கு ஏழு விழுக்காட்டுக்கும் சற்று மேலான விலையேற்றம் அது. சொத்து வரி, பராமரிப்பு, தரகு இதில் சேர்க்கப்படவில்லை.

பிள்ளையோடு இரண்டு நண்பர்களைச் சேர்த்து ஆளுக்கு நாலாயிரத்துச் சொச்சம் வாங்கினால் நான்கு ஆண்டில் 4 லட்சம் வரும். தேவைப்படும் விலையேற்றம் ஐந்தரை விழுக்காடாக இறங்கும். அதே நேரத்தில் வாடகைக்கு இருப்பவரும் வீட்டைப் பகிர்ந்துகொள்ளலாம். அப்போது அவர் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும், அவர் பக்கத்தை மறந்துவிடக் கூடாது.

அடுக்ககத்தில் விலை ஏறுவது நிலத்துக்கு. கட்டடம் ஆண்டுதோறும் பழையதாகிறது. பத்திரத்தில் எழுதப்படும் நிலத்தின் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதே பத்தாண்டு கழித்து விலையைத் தீர்மானிக்கும். கல்லூரி ஒன்றை மட்டும் நம்பி எழுந்த அடுக்ககங்களில் இன்னொரு சிக்கல் உண்டு: வாடகைக்கு வருபவர்களும் மாணவர்கள், விற்க நிற்பவர்களும் படிப்பு முடிந்த மாணவர்களின் பெற்றோர். கோடையில் ஒரே சமயத்தில் பல வீடுகள் விற்பனைக்கு வரும்.

யார் பெயரில்

கல்லூரியில் சேரும்போது பலருக்கு வயது 17. அந்த வயதில் பிள்ளை பெயரில் வீடு வாங்கலாம், ஆனால் 18 நிறையும் முன் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டு இளவர், காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். வருமானமில்லாத மாணவருக்குத் தனியாக வங்கிக் கடன் கிடைக்காது, பெற்றோரே கடனாளி. கணக்குக் காட்டக்கூடிய வருமானத்தில் பிள்ளை பெயரில் வாங்குவது பினாமிச் சட்டத்தின்கீழ் குற்றமாகாது. பெற்றோர் பெயரிலேயே வாங்குவது கடனுக்கும் வரிக்கும் எளிது. ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருவர் பெயரில் மட்டும் வாங்கியது பிற்காலத்தில் பாகப் பிரிவினை வழக்காக மாறுவதும் உண்டு.

படிப்பு முடிந்த பின்

அண்ணனுக்குப் பின் தங்கையும் அதே ஊரில் படிக்க இருந்தால், பெற்றோர் ஓய்வுக்குப் பின் அங்கே குடிவர இருந்தால், எம்.பி.பி.எஸ். முடித்து அங்கேயே மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழி இருந்தால் வாங்குவது பொருந்தும். அப்போது வீட்டின் காலம் பத்து, பதினைந்து ஆண்டாக நீள்கிறது. பத்திரச் செலவும் தொடக்க வட்டியும் அத்தனை ஆண்டுகளில் பரவிவிடுகின்றன. நான்கே ஆண்டுக்கு என்றால் வாடகையே மேல் என்பதைத்தான் மேற்கண்ட எண்கள் காட்டுகின்றன.

விற்பதென்று முடிவானால் இரண்டு காலக்கெடுக்களைக் கவனிக்க வேண்டும். 24 மாதத்துக்கு மேல் கைவசம் இருந்த வீட்டை விற்ற லாபம் நீண்டகால மூலதன ஆதாயமாகும். 2024 ஜூலை 23க்குப் பின் வாங்கிய வீட்டுக்கு 12.5 விழுக்காடு வரி, பணவீக்கக் கழிவு கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர் கடன் அசலுக்கும் பத்திரச் செலவுக்கும் கழிவு எடுத்திருந்தால், வீடு கைக்கு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் விற்கும்போது, முன்பு எடுத்த கழிவு முழுவதும் விற்ற ஆண்டின் வருமானத்தோடு சேர்க்கப்படும். பொறியியல் பட்டம் வாங்கிய கையோடு விற்பவர்கள் இந்த விதிக்குள் அகப்படுகிறார்கள். இடைப்பட்ட ஓரிரு ஆண்டுக்கு வீட்டை அடுத்த மாணவருக்கு வாடகைக்கு விட்டுப் பின் விற்பதே அவர்களுக்கு வழி.