கதாரியர்: கிறித்தவத்தின் அகமா, புறமா?

தென் பிரான்சின் லாங்டாக் நாட்டிலும் வட இத்தாலியிலும் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கதாரியர் தம்மை அப்பெயரால் அழைத்துக்கொள்ளவில்லை. 'தூயோர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்வழி வந்த அப்பெயர் பிறர் இட்டதாகும். தம்மை அவர்கள் 'நல்ல கிறித்தவர்' என்றே கூறிக்கொண்டனர். உரோமத் திருச்சபையோ பிறழ்நெறியினர் எனக் கடிந்தது.

கொள்கையை மட்டும் நோக்கின், திருச்சபையின் கூற்றில் வலுவுண்டு. கண்ணுக்குத் தோன்றும் இவ்வுலகு நல்லிறைவன் படைப்பன்று, தீமையின் படைப்பே என்றனர் கதாரியர். உடலே தீமையின் ஆக்கமாயின் இறைமகன் அதனை எடுத்தல் எங்ஙனம்? ஆதலின் இயேசுவின் மானுட உடல் வெறுந்தோற்றம் என்றனர். சிலுவையை வணங்கிலர், நீர்த் திருமுழுக்கையும் நற்கருணையையும் ஏற்றிலர். உயிர் உடல்விட்டு உடல் புகும் என்னும் நம்பிக்கையும் அவர்களிடையே வழங்கியது.

எனினும் அவர்தம் மன்றாட்டு இயேசு கற்பித்ததே. துறவேற்பார் தலைமீது வைக்கப்பெற்றது நற்செய்தி நூலே. கைவைத்துத் தூய ஆவியை வழங்கும் அச்சடங்கு திருத்தூதர் கால வழக்கை நினைவூட்டுவது. அதனை ஏற்ற ஆடவரும் பெண்டிரும் ஊன், முட்டை, பால் ஆகியவற்றை ஒழித்தனர். மீன் மட்டும் விலக்கன்று. ஆணையிடார்; உயிர் கொல்லார். இல்லறத்தார்க்கு இக்கடுமை இல்லை; அவருட் பலர் இறக்குந் தறுவாயிலேயே அச்சடங்கைப் பெற்றனர். கொல்லாமையே குற்றத்திற்குச் சான்றானதும் உண்டு. கதாரியர்க்கு முன்னரே, 11ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியின் கோஸ்லார் நகரில் கோழியொன்றைக் கொல்ல மறுத்தோர் தூக்கிலிடப்பட்டனர்.

'பிறழ்நெறி' என்னும் குற்றச்சாட்டே ஒருவகையில் உறவை ஒப்புவதாகும். திருமுழுக்குப் பெற்றவன் வழிவிலகினான் என்பதே அதன் பொருள். புறச்சமயத்தானை அங்ஙனம் குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது. கதாரியரை எதிர்க்கப் புறப்பட்ட தோமினிக்கும் அவர்களைப் போலவே வறியராய்க் கால்நடையாகச் சென்றே போதித்தார். அவர்தம் வாழ்க்கை மக்கள் கண்ணுக்கு நற்செய்தி வாழ்க்கையாகவே தோன்றியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சொல்லால் இயலாததை வாள் முடித்தது. திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் அறிவித்த சிலுவைப்போர் 1209இல் கிறித்தவ நாட்டின்மீதே பாய்ந்தது. பெசியே நகரில் கத்தோலிக்கரும் கதாரியரும் வேறுபாடின்றி வெட்டுண்டனர். 1244 மார்ச்சில் மோன்செகூர் மலைக்கோட்டை பணிந்தது. கொள்கையைக் கைவிட்டார்க்கு உயிர்ப்பிழைப்பு உண்டு என்றனர். இடைப்பட்ட இருவார அவகாசத்தில், தப்பிப் போக உரிமையிருந்தும், ஏறத்தாழ இருபதுபேர் புதிதாகத் துறவேற்றனர். மார்ச் 16 அன்று மலையடியில் எரியூட்டப்பட்ட இருநூற்றுக்கு மேற்பட்டோருள் அவர்களும் இருந்தனர்.