பாட்டுக்காகப் படித்த மொழி

இலங்கையில் மொழி என்றதும் எமக்கு நினைவுக்கு வருபவை சட்டமும் உத்தியோகமும்தான். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்திலிருந்து, தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என்ற 1987இன் 13ஆவது திருத்தம் வரை, எமது மொழி வரலாறு பெரும்பாலும் உரிமையும் இழப்பும் பற்றிய வரலாறே. ஆங்கிலத்தைப் பதவிக்காகவும், சிங்களத்தைத் தொழிலுக்காகவும், அரபை மார்க்கத்துக்காகவும் படித்தோம். எவரும் கட்டாயப்படுத்தாமல், காது விரும்பிய ஒரே காரணத்தால் எமது வீடுகளுக்குள் வந்த மொழி ஒன்றும் உண்டு. ஹிந்திப் பாடல்களின் மொழியே அது.

அதன் வருகைக்கு எமது வானொலியே வழிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படையினருக்காக ஏக்கலையில் நிறுவப்பட்ட வலுவான சிற்றலை ஒலிபரப்பி, போரின் பின்னர் இலங்கையின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்களைத் தரக்குறைவானவையாகக் கருதி அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடத்தைச் சுருக்கினார். டில்லி ஒதுக்கியதைக் கொழும்பு ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் அமீன் சயானியின் பினாக்கா கீத் மாலா ஆரம்பமாயிற்று. பம்பாயில் பதிவுசெய்யப்பட்டு, ஒலிநாடாவாகக் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து துணைக்கண்டமெங்கும் ஒலித்தது. 1957இல் இந்தியா விவித் பாரதியைத் தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

இவற்றை நாம் ஹிந்திப் பாட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அன்றைய முன்னணிப் பாடலாசிரியர்களான ஷகீல் பதாயூனி, சாஹிர் லுதியான்வி, மஜ்ரூஹ் சுல்தான்பூரி ஆகியோர் உருதுக் கவிஞர்கள்; உருது எழுத்திலேயே எழுதியவர்கள். பாடகர்களுக்கும் அந்த மொழி வேண்டியிருந்தது. லதா மங்கேஷ்கர் புதிய பாடகியாக இருந்த காலத்தில், அவருடைய உச்சரிப்பில் மராத்தி வாடை அடிக்கிறது என்ற தொனியில் நடிகர் திலீப் குமார் ஒரு வார்த்தை சொன்னார். லதா முறையாக ஓர் ஆசிரியரை வைத்து உருது கற்றார். பாட்டுக்காக ஒரு மொழியைப் படிப்பது வீண்வேலை என்போருக்கு இந்த ஒரு செய்தியே போதுமான பதில்.

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களில் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. மாமாவின் ஒலிநாடாக்கள் வழியாக முகம்மது ரபியின் பாடல்கள் பலவும் மனப்பாடமாக இருந்தன. பொருள் மட்டும் தெரியாது. ஹிந்தியா, உருதுவா என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. பேச்சளவில் இரண்டும் மிக நெருங்கியவை; எழுத்துத்தான் வேறு. பாட்டை எழுதியவர்களின் எழுத்தையே படிப்பது என்று தீர்மானித்து, மருதானையில் ஓர் உருது அரிச்சுவடி வாங்கினேன்.

குர்ஆன் மத்ரஸாவில் லெப்பை சொல்லித்தந்த எழுத்துக்களே அங்கும் இருந்தன. பே, சே, காஃப் போன்ற பாரசீக எழுத்துக்கள் சிலவும், ட, ட போன்ற நாமடி ஒலிகளுக்கான எழுத்துக்கள் சிலவுமே புதியவை. சிரமம் வேறிடத்தில் இருந்தது. குர்ஆனில் உள்ள உயிர்க்குறிகள் உருது அச்சில் இல்லை. தால், லாம் என்ற இரண்டு எழுத்து மட்டும் நின்றால் அதைத் தல் என்பதா, தில் என்பதா, துல் என்பதா? பாட்டுத் தெரிந்தவனுக்குச் சந்தேகமில்லை. அது தில், இதயம். அச்சு விட்டதைச் செவி நிரப்பிற்று. அதேபோல, பாட்டையும் உணவையும் வீட்டையும் குறிக்கும் மூன்று உருதுச் சொற்களைத் தமிழில் கானா என்றே எழுத முடியும். அந்த வேறுபாட்டை நான் அறிந்ததும் முதலில் காதால், பிறகு கண்ணால்.

சொற்களும் அந்நியமாக இருக்கவில்லை. துனியா, ஹயாத்து, மௌத்து, வக்து, சபுர் எல்லாம் எமது மூத்தம்மாமாரின் வாயில் புழங்கியவை. நாம் பள்ளியில் கேட்கும் பாங்கு, குரலைக் குறிக்கும் பாரசீகச் சொல். வாப்பாவின் தம்பியை நாம் அழைக்கும் சாச்சா, உருதுக்காரருக்கும் சாச்சாதான். நாம் ரமளான் என்பதை அவர்கள் ரம்ஸான் என்பது ஏன் என்பதும் விளங்கியது. மத்ரஸாவில் வெவ்வேறாக ஓதக் கற்ற நான்கு எழுத்துக்கள் உருதுவில் ஒரே ஒலியாகிவிடுகின்றன.

அரபு எழுத்தில் வேற்றுமொழியை எழுதுவது எமக்குப் புதிதுமல்ல. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அரபுத் தமிழில் எழுதிய நூல்கள் இங்கு வீடுகளில் ஓதப்பட்டன. கொழும்பு மலாய் மக்கள் 1869இலேயே அரபு எழுத்தில் அலாமத் லங்காபுரி என்ற பத்திரிகையை நடத்தினர். அந்தப் பழக்கம் தொடர்ந்திருந்தால், ரபியின் பாட்டை முணுமுணுத்த எமது முந்திய தலைமுறைக்கு அதன் கவிதையும் எட்டியிருக்கும். எழுத்தும் பாதிச் சொற்களும் கையிலிருந்தும், அவற்றை ஓதுவதற்கு மட்டுமே உரியவையாக ஒதுக்கிவைத்தோம். இசை மட்டும் எம்மிடம் தங்கியது. சாஹிரும் மஜ்ரூஹும் பெயர்களாகவே நின்றுவிட்டனர்.

இன்று கொரிய மொழியை வேலைவாய்ப்புப் பரீட்சைக்காகப் படிப்போர் எமது ஊர்களில் உண்டு. என் மாணவியொருத்தி அதைப் பாட்டுக்காகப் படிக்கிறாள். அதனால் என்ன பிரயோசனம் என்று வீட்டார் என்னிடம் கேட்டார்கள். பரீட்சைக்காகப் படித்ததைப் பரீட்சையோடு மறந்துவிடும் பிள்ளைகளைத்தான் நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன் என்றும், இவளைத் தடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.