போட் மெயிலும் கொட்டப்பட்டு முகாமும்

எழும்பூரிலிருந்து திருச்சி வழியாக ராமேஸ்வரம் போகும் ரயிலுக்கு இன்றைக்கும் பெயர் 'போட் மெயில்'தான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மெயில் சரி, போட் எங்கே என்று சின்ன வயதில் நான் கேட்டதுண்டு. படகு நின்று போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஒரு காலத்தில் எழும்பூர் கவுண்டரில் கொழும்புக்கே டிக்கெட் வாங்கலாம். ரயில், கப்பல், மறுபடி ரயில், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். முதலில் தூத்துக்குடி வரை ரயிலில் போய் அங்கிருந்து ராத்திரி முழுக்க ஸ்டீமரில் போக வேண்டியிருந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. கடல் மேல் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், 145 கண்கள், கப்பலுக்கு வழிவிட நடுவில் திறக்கும் தூக்குப்பாலம். அதைத் தாண்டி தனுஷ்கோடி. அங்கே ரயிலை விட்டு இறங்கி ஸ்டீமர் ஏறினால் தலைமன்னார் சுமார் 35 கிலோமீட்டர்தான். அந்தக் கரையில் கொழும்பு ரயில் நிற்கும். நம் பக்கம் மீட்டர் கேஜ், அந்தப் பக்கம் பிராட் கேஜ். அதனால் கடலுக்கு மேல் பாலமே போட்டிருந்தாலும் அதே பெட்டியில் உட்கார்ந்து கொழும்பு போயிருக்க முடியாது!

இந்த லைனை நடத்திய சவுத் இந்தியன் ரயில்வேயின் தலைமையகம் நம்ம திருச்சி. பொன்மலை ஒர்க்‌ஷாப் 1928-ல் வந்தது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது இன்னொரு ஆபீஸ். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதைக் கவனிக்க 1904-ல் ஏற்பட்ட சிலோன் லேபர் கமிஷனுக்கும் தலைமையிடம் திருச்சிதான். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டி அனுப்புவார்கள்.

நான் பி.காம். படிக்கிறவன் என்பதால் இந்தக் கணக்குமுறைதான் என்னை உள்ளே இழுத்தது. போகிறவர் கழுத்தில் ஒரு தகரத் துண்டு. எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்பதற்கான எண் அதில் அடித்திருக்கும். டிக்கெட்டே அதுதான். கையில் காசு வேண்டாம், செலவு தோட்டத்தின் பற்றில் ஏறும். ஊரிலேயே கங்காணி கொடுத்த முன்பணம் தனிக் கடன். தோட்டம் மாற வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய சீட்டு வேண்டும், அதற்குப் பெயர் 'துண்டு'. அந்தத் தொகையைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் ஆள் கிடைப்பார். கடனோடு சேர்த்து மனிதனையும் மாற்றிக் கொடுக்கும் ஒரு பில். 1921-ல்தான் இதை ஒழித்தார்கள்.

மெயிலில் போன துரைமார்களுக்கு நேராகக் கொழும்பு. கூலிகளுக்கு அப்படியில்லை. மண்டபத்தில் இறக்கி, காலரா, அம்மை இல்லை என்று தெரியும் வரை நாள்கணக்கில் முகாமில் வைப்பார்கள். அதே தண்டவாளம், அதே கடல், ஆனால் பயண நேரம் வேறு. தாமதம் என்பது ரயிலைப் பொறுத்தது மட்டுமல்ல, அதில் ஏறும் ஆளையும் பொறுத்தது போலிருக்கிறது.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் வந்து, இவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பத்து வருஷம் கழித்து, அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்காது. எந்தப் பக்கம் போகப் பிரியம் என்று அவர்களைக் கேட்காமலே போட்ட கணக்கு, அவ்வளவுதான்.

ஒப்பந்தம் போட்ட ஐம்பத்து மூன்றாம் நாள், டிசம்பர் 22 ராத்திரி, புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலை 100-க்கும் மேற்பட்ட பயணிகளோடு அலை கொண்டு போனது. தனுஷ்கோடியும் போனது. லட்சக்கணக்கானவர்களைக் கூட்டிவர வேண்டிய துறைமுகமே இல்லாமல் போனது. பிறகு ராமேஸ்வரம் - தலைமன்னார் என்று மாற்றி 'ராமானுஜம்' கப்பல் ஓடியது (ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் உடையவர்தான் கண்ணில் வருவார்). மலையகத்திலிருந்து ரயில், தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், பிறகு மறுபடி ரயில். தாத்தா போன அதே வழியில் பேரன் திரும்பி வந்தான். வந்தவர்களில் ஒரு பகுதியினரைத் தங்கவைத்த இடம் நம்ம விமான நிலையம் பக்கத்தில் இருக்கும் கொட்டப்பட்டு.

1983 கலவரத்துக்குப் பிறகு கப்பலும் நின்றது. கையில் இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கரையில் மாட்டிக்கொண்டார்கள். இன்னும் பலர் உயிருக்குப் பயந்து கள்ளத்தோணியில் வந்து சேர்ந்தார்கள். இங்கேதான் சட்டம் வித்தியாசம் பார்க்கிறது. 'ராமானுஜ'த்தில் வந்தவர் தாயகம் திரும்பியவர், இந்தியக் குடிமகன். அவருடைய ஒன்றுவிட்ட தம்பியே தோணியில் வந்திருந்தால் அகதி, சட்டத்தின் பாஷையில் சட்டவிரோதக் குடியேறி, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக்கூட வழியில்லை. இரண்டு பேரின் தாத்தாவும் ஒரே தகரத் துண்டோடு போனவராக இருக்கலாம்.

அந்தப் பக்கத்துக் கதையும் இழுவைதான். 1988-லும் 2003-லும் வந்த சட்டங்களால்தான் அங்கேயே தங்கிவிட்ட மலையகத் தமிழருக்குக் குடியுரிமைச் சிக்கல் தீர்ந்தது. 1948-லிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். இங்கே 2019 ஜூனில், கொட்டப்பட்டு முகாமில் இருந்த இந்திய வம்சாவளியினர் சிலர் போட்ட வழக்கில், அவர்கள் விண்ணப்பிக்கட்டும், மத்திய அரசு பரிசீலித்து முடிவெடுக்கட்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. அப்போதே அவர்கள் முகாமுக்கு வந்து ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம்.

சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர், பெற்றோர் யார் என்ற கேள்வியே கிடையாது. முகாமில் பிறந்தவருக்கும் அது பொருந்தும். இதைச் சொல்லி ஒரு பெண் கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கினார். 2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல் நாளில் கொட்டப்பட்டில் வரிசையில் நின்று ஓட்டும் போட்டார். முகாமில் இருந்த மற்றவர்கள் வாசல் வரை வந்து வேடிக்கை பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திய பிறகு போட் மெயில் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்ததும் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை.